இடுப்பு வலியோட பஸ் ஏறி வந்தவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பது வருஷமா பிசியோதெரபி பார்க்கிறேன். பிரசவத்துக்கு அப்புறம் இடுப்பு வலின்னு வர்ற பொண்ணுங்களைத் திட்டாம அனுப்பினதே இல்லை. மஞ்சு மூணாவது தடவை வந்தப்பவும் அப்படித்தான். ஸ்ரீரங்கத்துலேர்ந்து கைக்குழந்தையோட பஸ் ஏறி, தில்லைநகர்ல எங்க கிளினிக்குக்கு வந்திருந்தா.

"எக்சர்சைஸ் பண்ணுனியா?"

"இல்ல மேடம்."

"உடம்பு வளையக் கூடாது, வலி மட்டும் போகணுமா? குழந்தையை வீட்ல யார்கிட்டயாவது குடுத்துட்டுப் பண்ணு. குனியாத, குளிப்பாட்டவும் வேற யாரையாவது சொல்லுன்னு எத்தனை தடவை சொல்றது!"

"சரிங்க மேடம்"னுட்டுப் போயிட்டா.

நாலு நாள் கழிச்சுக் காலைல போன். "மேடம், குழந்தையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டினேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு, எந்திரிக்க முடியல. புள்ள நடுங்குது."

ஓ.பி.யை அப்படியே விட்டுட்டு ஆட்டோ பிடிச்சேன். காவிரிப் பாலத்துல ஒரே டிராபிக். "புள்ளைக்குத் துப்பட்டாவைச் சுத்தி நெஞ்சோட அணைச்சுக்க, போனை வைக்காத"ன்னு சொல்லிக்கிட்டே போனேன். நல்லவேளை, கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பாத்ரூம் தரையில காலை நீட்டினபடியே உட்கார்ந்திருந்தா. குழந்தையை வாங்கித் துவட்டிப் படுக்க வச்சேன். அப்புறம் அவளை ஒருக்களிச்சுத் திருப்பி, மெதுவா எழுப்பினேன்.

"பக்கத்து வீட்டுல கூப்பிடக் கூடாதாம்மா?"

"யாரும் பழக்கமில்ல மேடம். அவரு ரயில் ஓட்டுற லோகோ பைலட், டியூட்டிக்குப் போனா ரெண்டு நாள் ஆகும். அம்மாவும் இல்ல. வாரத்துல ஒரு நாள் கிளினிக்லதான் என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிடுறாங்க. அதுக்குத்தான் வர்றேன்."

எனக்கு அழுகை வந்துடுச்சு. வீட்ல யார் இருக்காங்கன்னு மூணு தடவையும் நான் கேட்கவே இல்லை. இல்லாத ஆள்கிட்ட குழந்தையைக் குடுக்கச் சொல்லித் திட்டியிருக்கேன்.

குனியாம நின்னுக்கிட்டே குளிப்பாட்ட, ஒரு பிளாஸ்டிக் டப்பை மேஜை மேல வச்சோம். குழந்தை பக்கத்துல படுத்தபடியே பண்ற மாதிரி எக்சர்சைஸை மாத்திக் குடுத்தேன். புதுசா வர்ற பிசியோக்களுக்கு இப்போ நான் முதல்ல சொல்றது இதுதான்: வலி எங்கன்னு கேட்கும்போதே, பகல்ல கூட யாரு இருக்காங்கன்னும் கேளுங்க.

ரெண்டு மாசத்துல வலி போயிடுச்சு. இனி வர வேண்டாம்னு டிஸ்சார்ஜ் எழுத பேனாவை எடுத்தேன், அவ முகம் வாடிப்போச்சு. பேனாவை மூடிட்டேன்.

"அடுத்த வியாழக்கிழமை வா."

"இப்பத்தான் வலி இல்லையே மேடம்?"

"தெரியும். வா."