மேல்வீட்டு ஐயாவின் இறுதிச் சடங்கு

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, குளிர் இன்னும் விடாத ஒரு மார்ச் மாதம். தென்மேற்கு ஜெர்மனியில், ரைன் ஆற்றை ஒட்டிய எங்கள் சிறு நகரத்தில் மேல்வீட்டு ஐயா காலமானார்.

அவர் ஜெர்மன்காரர் அல்லர். கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். முன்பு எங்கள் நகரில் கனடிய இராணுவ முகாம் இருந்தது. அதில் சிப்பாயாக வந்தவர், இங்கேயே ஒரு பெண்ணை மணந்து தங்கிவிட்டார். மனைவி இறந்தபின் ஒரே மகளோடு இருந்தார். மகள் நகரப் பேருந்து ஓட்டுகிறவர்.

நாங்கள் கீழ்வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அவரைக் கண்டால் நான் ஒதுங்கிவிடுவேன். "மேலை இருக்கிறவர் ஆமிக்காரனாம். கனக்கக் கதை வைச்சுக்கொள்ளாதையும்" என்று கணவரும் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்தில் ஆமிக்குத் தப்பி வந்த எங்களுக்கு, கதவைப் பூட்டிக்கொள்ள அந்தச் சொல்லே போதும்.

ஒருநாள் படிக்கட்டில் அவரே மறித்து, ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டுவிட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஜெர்மன் மொழியில் சொன்ன பதிலையும், பின்னால் மற்றவர்கள் சொன்னதையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"சின்ன வயசிலை எங்கடை ஊருக்குச் சீருடைக்காரர் வந்தால் நாங்களும் காட்டுக்குள்ளை ஓடி ஒளிக்கிறனாங்கள், பிள்ளை."

பிள்ளைகளைப் பிடித்துப்போய் விடுதிப் பள்ளியில் அடைப்பார்களாம். இவரும் பிடிபட்டார். சொந்த மொழியில் பேசியதற்காக அடிவாங்கி வளர்ந்தார். பிறகும் ஏன் ஆமியில் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"அங்கைதான் வயிறாரச் சாப்பாடும் காலுக்குச் சப்பாத்தும் தந்தவை."

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஐயா. மகளுக்கு அதிகாலை வேலையென்றால், அவளுக்கு முன்பே எழும்பி அவளுடைய காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி வைப்பார். எண்பது வயதிலும்.

சடங்குக்கு ஆட்கள் குறைவு. கனடிய இராணுவத்துக்கு மகள் அறிவித்திருந்தார். அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பாவின் இராணுவப் பதக்கங்களை மகளே துடைத்துச் சவப்பெட்டியின்மேல் வைத்தார். பாதிரியார் செபத்தைத் தொடங்கும் நேரம் சிற்றாலயத்தின் கதவு திறந்தது. பறையோடு ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். முகத்தில் வர்ணம், தலையில் இறகுகள். எல்லோரும் உள்ளூர் ஜெர்மன்காரர்கள். விடுமுறை நாட்களில் செவ்விந்தியர் வேடம் போட்டுக் கூடாரமடிக்கும் ஒரு சங்கத்தார். அவர்கள் பலமுறை கூப்பிட்டும் ஐயா ஒருநாளும் போனதில்லை. தலைவர் நேரே வந்து ஒரு பெரிய இறகுக் கிரீடத்தைப் பதக்கங்களுக்கு மேலேயே வைத்தார்.

மகள் எழுந்து அவரிடம் போனார். "தயவுசெய்து அதை எடுங்கோ. அப்பா ஒருநாளும் இறகு வைச்சதில்லை. இது எங்கடை ஆக்களின்ரை சாமானுமில்லை, வேறை குடியின்ரை."

அந்த மனிதர் கோபப்படவில்லை. சிரித்தார். "நான் முப்பது வருசமா இதுகளைப் படிக்கிறன். நீர் இஞ்சை பிறந்து வளர்ந்தனீர். உமக்கு இதுகள் தெரியாது."

தகப்பனின் பெட்டிக்கு முன்னால் நின்று மகளிடமே இதைச் சொன்னார். பாதிரியார் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். வேறு யாரும் அசையவில்லை. மகள் தானே கிரீடத்தைத் தூக்கித் தலைவரின் கையில் கொடுத்தார். சரிந்த பதக்கங்களை ஒவ்வொன்றாக நேராக்கினார். நான் எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். என்னால் ஏலுமாக இருந்தது அவ்வளவுதான்.

சங்கத்தார் வெளியே போய், வாசலில் நின்று பறையடித்தார்கள். கல்லறைவரை அந்தச் சத்தம் கூடவே வந்தது.

அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. இறகுக் கிரீடத்தோடு சங்கத் தலைவர். கீழே, நகரம் தன் செவ்விந்தியருக்கு விடை கொடுத்ததாக ஒரு வரி. மகள் அதை எடுத்துவந்து எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். தேநீரைத் தொடவேயில்லை.

"அப்பாவின்ரை பேரைக்கூடப் போடேல்லை" என்றார்.

 அன்றிலிருந்து, உங்கள் பண்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும் என்று இங்கே யாராவது அன்பாகச் சொல்லும்போதெல்லாம், நாளைக்கு என் பெட்டியின்மேல் எதைக் கொண்டுவந்து வைப்பார்களோ, அதை எடுக்கச் சொல்லும் என் பிள்ளைகளின் சொல்லை யார் கேட்பார்களோ என்ற நினைப்புத்தான் எனக்கு முதலில் வருகிறது.