வெள்ளிக்கிழமை நிறை

சுவிஸ் நாட்டுப் பீல் நகரத்து முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் சந்திரமதிக்குப் பதினொரு வருடம். எந்த அறைக்குச் சீனியில்லாத தேத்தண்ணீர், எவருக்கு அரைத் துண்டு கேக் என்பதெல்லாம் மனப்பாடம். தன்னுடைய இரத்தத்துச் சீனியை மட்டும் டொக்டர் சொல்லித்தான் அறிந்தாள். மூன்று மாதச் சராசரி ஆறு தசம் மூன்று. ஆறரை வந்தால் நீரிழிவு. கார்த்திகையில் மறுபடி பார்ப்போம் என்றார். அந்த வியாதியில் அம்மாவுக்கு ஒரு கால் போயிருந்தது. சந்திரமதியோ நாள் முழுக்க நின்று உழைப்பவள்.

அம்மன் கோயில் மண்டபத்தில் நிறை குறைக்கும் வகுப்பு நடத்திய மயூரி, இங்கேயே பிறந்து வளர்ந்த தாதி. சந்திரமதியோடு பதினான்கு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் எப்படியும் கோயிலுக்கு வரும் நாள் என்று வெள்ளி மாலை, பூசைக்கு முன், நிறுக்கத் தீர்மானமாயிற்று. வெள்ளியில் எல்லோரும் விரதம் என்பது மயூரிக்குத் தோன்றவில்லை. முதலில் மதியச் சாப்பாட்டை விட்டார்கள். பிறகு வியாழன் இரவையும். ஏழாம் வாரம் அவர்களில் மூத்தவளான இராஜேஸ்வரி தண்ணீரையும் விட்டாள். நிறை இறங்கிக்கொண்டே போனது. பூசை முடிந்ததும் பொங்கலும் வடையும் பாயாசமும் அதை ஏற்றிவிட்டன. அதை யாரும் நிறுக்கவில்லை.

இல்லத்துத் தராசில் ஒரு திங்கட்கிழமை விளையாட்டாய் ஏறிய சந்திரமதிக்கு, வெள்ளியை விட இரண்டு கிலோ அதிகம். தராசு பிழையோ? ஒரு வாரம் தினமும் ஏறிப் பார்த்தாள். தராசு சரிதான்; வெள்ளியில் மட்டும் நிறை இறங்கியது.

அடுத்த வகுப்பில் கேட்டாள்: "மயூரி, புதன்கிழமை நிறுப்பமோ?"

"ஏன் அன்ரி?"

இராஜேஸ்வரி முந்திக்கொண்டாள். "புதன்கிழமை ஆர் விரதம்?"

"அதாலைதான் அக்கா."

"அம்மாளுக்கு இருக்கிற விரதத்திலை பிழை பிடிக்கிறியோ?"

"அம்மாளுக்கு இருங்கோ. நாங்கள் தராசுக்கும் சேர்த்தெல்லோ இருக்கிறம்."

புதன்கிழமை ஒன்பது பேர்தான் வந்தார்கள். இராஜேஸ்வரி வரவில்லை. வகுப்பில் சேர்ந்த நாளை விட வந்தவர்களில் ஒருவருக்கும் குறையவில்லை; இரண்டு பேருக்குக் கூடியிருந்தது. மயூரி மட்டும் சந்தோஷப்பட்டாள், இப்போதுதான் வகுப்பு தொடங்குகிறது என்று. மூன்று நேரமும் சாப்பிடச் சொன்னாள், சோற்றை மட்டும் பாதியாக்கி. சந்திரமதி இரண்டு தரிப்பிடம் முன்னதாக பஸ்ஸை விட்டிறங்கி நடக்கத் தொடங்கினாள்.

கார்த்திகையில் டொக்டர் சொன்ன எண்: ஐந்து தசம் ஒன்பது.

வீட்டுக்கு வந்ததும் இராஜேஸ்வரிக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

"நிறை எவ்வளவு குறைஞ்சது?"

"ஒண்டரைக் கிலோ."

"அவ்வளவுதானோ? நான் நாலு கிலோ விட்டனான்."

"உங்களுக்கு எப்ப சீனி பாக்கினம்?"

"போன கிழமை பாத்தவை. ஆறு தசம் நாலாம்."



"புதன்கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள் இராஜேஸ்வரி.