தனபாலின் பழுப்புச் சிரிப்பு

தனபால் போய்விட்டார் என்று ஆலங்காயத்திலிருந்து போன் வந்தபோது வகுப்பில் இருந்தேன். அதற்குமேல் பாடம் ஓடவில்லை. எங்கள் ஜவ்வாது மலைப் பள்ளிக்கு வருடாவருடம் பல் மருத்துவ முகாமோடு வரும் உதவியாளர் அவர். டாக்டர்கள் மாறுவார்கள், தனபால் மட்டும் மாறமாட்டார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியும் தெரிந்திருக்கும். பிள்ளை வாயைத் திறந்ததும், "சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்ச?" என்பார். பல்லைப் பார்க்க வந்தவருக்குத் தண்ணீர் எதற்கு என்று நான் கிண்டல் செய்ததுண்டு.

எட்டாம் வகுப்புக் கோமதி விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது. பல்லெல்லாம் பழுப்புத் திட்டு. வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவாள். "பல்லு விளக்கமாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். வீட்டில் அம்மா செங்கல்தூளைப் போட்டு ஈறில் ரத்தம் வரத் தேய்த்தார். இனிப் பள்ளிக்கே வரமாட்டேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

தனபால் அவளையும் மூன்றாம் வகுப்புத் தங்கையையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். தங்கைக்கு வெள்ளைப் பல், ஆனால் இரண்டு சொத்தை. கோமதிக்கு ஒன்றுகூட இல்லை. அவர்கள் அம்மாவை வரவழைத்து விசாரித்தார். கோமதி ஐந்து வயது வரை மலை அடிவாரத்தில் போர்வெல் தண்ணீர் குடித்தவள். தங்கை மலைக்கு வந்தபின் பிறந்து, ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்.

"இது அழுக்கு இல்லீங்க சார். அந்தத் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி. ஈறுக்குள்ள பல்லு உருவாகும்போதே புடிச்ச கறை. தேய்ச்சா ஈறுதான் போவும்" என்றார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல், "கொஞ்சமா இருந்தா சொத்தையத் தடுக்குது, மிஞ்சினா கறை. இன்னா பொருளு சார் இது!" என்று வியந்தார். சோதனைக்கு அனுப்ப, ஊர்ப்பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில்கள் அவர் பையில் எப்போதும் இருக்கும்.

அப்புறம் கோமதி முன் குனிந்து தன் வாயைத் திறந்து காட்டினார். அதே பழுப்பு. "நானும் அந்தப் பக்கந்தாம்மா" என்றார். அவள் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

நான் ஆலங்காயம் போனபோது, இப்போது கல்லூரியில் படிக்கும் கோமதியும் அஞ்சலி செலுத்த வந்திருந்தாள். தெருமுனை பேனரில் தனபால் பளீரென்ற வெள்ளைப் பல்லோடு சிரித்தார். ஃபிளெக்ஸ் கடையில் திருத்தியிருக்கிறார்கள். கோமதிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இன்னா சார் இப்டி பண்ணி வெச்சிருக்காங்க? அவரு பல்லப் பாத்துதான் நான் வாயே தொறந்தேன்."

முகாமில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவரும் அவளும் பழுப்புப் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அதை நான் யாரிடமும் திருத்தக் கொடுக்கமாட்டேன்.