அக்கா கண்ணில் பட்ட கீறல்

சில ஆண்டுகளுக்கு முன், நியூசிலாந்தில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். ஊர் சுற்றிக் காட்ட அவள் ஒரு வாடகைக் கார் எடுத்தாள். சாவி கைக்கு வந்த நேரம், காமயகவுண்டன்பட்டியிலிருந்து என் அக்காவின் போன்.

அப்பா வாங்கிய முதல் டிராக்டரில் தொடங்கி என் ஸ்கூட்டர் வரை, எங்கள் வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் ஆரத்தி எடுத்துப் பொட்டு வைப்பது அக்காதான். வீட்டில் பிறந்த பெண் கை வைக்காமல் சக்கரம் உருளாது. திராட்சைத் தோட்டத்தில் எத்தனை வேலை கிடந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

“வாடகை வண்டிக்கு எதுக்குக்கா இதெல்லாம்?” என்றேன்.

“வண்டி யாருதா இருந்தா என்னப்பா, ஏறப்போறது நம்ம புள்ளைக தான? வண்டிக்காரவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. எலுமிச்சம்பழம் வச்சு, சுத்தி வீடியோ எடுத்து அனுப்பு. நான் இங்கன சூடம் காட்டிருறேன்.”

வேறு வழி? கார் கம்பெனி வாசலிலேயே, அவர்கள் போர்டு தெரிய, சக்கரத்துக்குச் சக்கரம் பழம் வைத்தோம். போகிற வருகிறவர்கள் பார்த்த பார்வையில் எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மகள் வீடியோ எடுத்து அனுப்பினாள். கிளம்புவதற்குள் அக்காவின் குரல் பதிவு வந்துவிட்டது.

“முன்னாடி கீழ கோடு இழுத்தாப்ல இருக்கே தம்பி, எவன் உரசுனான்? பாத்து ஓட்டச் சொல்லு.”

குனிந்து பார்த்தால், பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். இவள் கண்ணுக்கு மட்டும் எப்படித்தான் படுகிறதோ என்று சிரித்துவிட்டுக் கிளம்பினோம். கம்பெனியில் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

காரைத் திருப்பிக் கொடுத்த அன்று மாட்டிக்கொண்டோம். அந்தக் கீறலைக் காட்டி, பம்பரையே மாற்ற வேண்டும் என்று அங்கிருந்தவர் ஒரு தொகை சொன்னார். மகளின் ஒரு மாதச் சம்பளம்! எடுக்கும்போது கார் நன்றாக இருந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். “விடுங்கப்பா, கட்டிருவோம்” என்று மகள் கார்டை எடுத்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! பிள்ளை கண் விழித்துச் சம்பாதித்த காசை எதற்கு அழ வேண்டும்? அந்தக் கோபத்தில்தான் அக்கா ஞாபகம் வந்தது.

வீடியோவைக் காட்டினோம். போர்டு, எலுமிச்சை, கீறல், அனுப்பிய நேரம் எல்லாம் அதில் இருந்தது. அக்காவின் குரல் பதிவையும் போட்டோம். அதைக் கேட்டவர், என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். மகள் ஆங்கிலத்தில் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, மன்னிப்புக் கேட்டு, தொகையை ரத்து செய்தார். அக்காவுக்குப் போன் போட்டால், “அப்பவே சொன்னேன்ல?” என்று ஒரே சிரிப்பு.

இப்போது அக்கா இல்லை. அண்மையில் ஊரில் புதுக் கார் வாங்கினோம். விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஆரத்தி எடுத்தாள். மனசு கேட்காமல், போனில் பத்திரமாக வைத்திருக்கும் அந்தக் குரல் பதிவைப் போட்டேன். “எவன் உரசுனான்?” என்று அக்கா கேட்டதும், எல்லோரும் எங்களை அறியாமல் குனிந்து பம்பரைப் பார்த்தோம். புதுக் காரில் ஒரு கீறலும் இல்லை. நாங்கள் ஏறும் வண்டியைப் பதறிப் பதறிப் பார்க்க அவள் இல்லையே என்பதுதான் இன்றுவரை தீராத குறை.