இளையவளின் பச்சை விளக்கு

அண்ணன் தம்பி இருவருக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். வேலையும் ஒரே அலுவலகத்தில். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி இளையவளை அங்கே சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

எழுதிய புரோகிராமையெல்லாம் கம்ப்யூட்டர் ஒன்றுசேர்த்து ஓட்டிப் பார்ப்பதற்கு அங்கே ‘பில்ட்’ என்று பேர். தேறினால் சுவரிலிருந்த பெரிய திரையில் எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு, தேறாவிட்டால் சிவப்பு. மூத்தவளுக்குப் பாதி நாள் சிவப்புதான். இளையவளுக்கோ பச்சை மாறியதே இல்லை.

“சின்னவங்ககிட்ட கொஞ்சம் கத்துக்கங்க” என்றார் மேனேஜர், விளையாட்டாக. மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டிலும் நிம்மதியில்லை.

“இன்னிக்கு உனக்கு என்ன கலரும்மா?” என்பார் மாமியார். கணவன் சிரித்துத் தொலைப்பான். அப்புறம் அவனோடு பேச்சு கிடையாது.

இளையவள் காய்ச்சலில் படுத்த வாரம், அவள் வேலை மூத்தவள் கைக்கு வந்தது. பில்ட் கொடுத்தாள். பாதியில் நின்றது. மறுபடி கொடுத்தாள், மறுபடியும் நின்றது. நிமிர்ந்தால் சுவரில் இளையவள் பெயருக்குப் பக்கத்தில் ஜம்மென்று பச்சை! தோண்டித் துருவியதில் விஷயம் பிடிபட்டது. பில்ட் கடைசிவரை ஓடினால்தான் திரை நிறத்தை மாற்றும். நடுவில் நின்றுபோனால் பழைய நிறமே தங்கிவிடும். இளையவளின் பில்ட் பல வாரமாக நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது.

மூத்தவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாயங்காலம் இளையவளுக்கு மாத்திரையும் வெந்நீரும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தனை சந்தோஷம்.

இளையவள் தேறி வந்ததும் கூட்டம் நடந்தது. அவளைக் குழுத் தலைவியாக்கப் போவதாக மேனேஜர் ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம் சார்” என்று மூத்தவள் எழுந்தாள். எல்லார் முன்னாலும் இளையவளின் பில்டை ஓட்டி, அது நடுவில் நிற்பதைக் காட்டினாள். இளையவள் முகம் வெளுத்துப்போயிற்று. திரையைச் சரிசெய்யச் சொன்ன மேனேஜர், தலைமைப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஓரகத்திகளுக்குள் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை இளையவளே லேப்டாப்போடு சமையலறைக்கு வந்தாள்.

“என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ இல்லாத பேரு வாங்குனது எனக்குப் புடிக்கல.”

“என் மெஷின்ல எரர் வரும், சுவத்துல பச்சை எரியும். எனக்குத்தான் ஒண்ணும் புரியலன்னு நெனச்சேன். கேட்டா மானம் போயிடுமோன்னு பயம். நீங்க சிவப்பு வந்தாலும் அசராம உக்காந்து சரிபண்ணுவீங்க. அதப் பாத்து எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?”

மூத்தவளுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “தள்ளி உக்காரு, பாக்கலாம்” என்றாள்.

இருவரும் தலையோடு தலை சேர்த்துத் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில், “இந்த வரிதான்க்கா!” என்று கத்தினாள் இளையவள். அவளே திருத்தினாள். பில்ட் கடைசிவரை ஓடித் தேறியது.

மூத்தவளுக்குள் ஏதோ சுருக்கென்றது.

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன்” என்றாள், அந்த வரியைப் பார்த்தேயிராத மூத்தவள்.