பாட்டிலில் அடைத்த கடல்

என் அக்கா புருஷனுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்கும் வழக்கமே கிடையாது. என் ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

நான் கப்பலில் போய்க் கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளை ஆராய்பவள். சில பாசிகளின் உடம்புக்குள் ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனை அது உரமாக்கிப் பாசிக்குக் கொடுக்கும். பாசி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். பிரித்துவிட்டால் அது பிழைக்காது.

"அப்ப யூரியாவே வேணாம்னு சொல்லு" என்றார்.

"கடலுக்கு வேணாம் மாமா" என்றேன். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கடலைக் கழித்துவிட்டார்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது பக்கத்து ஊர் வேங்கிக்காலில் உரக்கடை திறந்திருந்தார். அதற்கு முன் வீட்டுமனை வியாபாரம், அதற்கும் முன் கிரிவலப் பாதையில் மூட்டுவலித் தைலம். எதிலும் உருப்படாத மனுஷன். அலமாரி முழுக்கப் பச்சைத் தண்ணீர் பாட்டில்கள். 'கடல் நுண்ணுயிர் உரம்' என்ற எழுத்துக்குக் கீழே பட்டமளிப்பு அங்கியில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் திறந்தேன். வெல்லப்பாகு வாசனை. விரலில் சாயம் ஒட்டியது.

"இதுல உயிர்னு எதுவும் இல்ல மாமா."

"உன் போட்டோ இருக்குதே. ஜனங்க அதைப் பார்த்துதான் வாங்குறாங்க."

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். அக்கா மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அவளையும் சேர்த்தே அருவருத்தேன். லேபிளை எடுக்காவிட்டால் போலீசுக்குப் போவேன் என்றேன்.

"போயேன். உங்கப்பாவே அதைத்தான் ஊத்துறாரு."

நேரே கிராமத்துக்குப் போனேன். சுற்றிலும் நெல் கரும்பச்சையாக நின்றது. அப்பாவின் கழனி மட்டும் மஞ்சள் பாய்ந்து, தூர் கட்டாமல் கிடந்தது. அந்த வருஷச் சாப்பாட்டுக்கு அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். வரப்பில் அந்தப் பாட்டிலை, போகிறவர் வருகிறவருக்கு என் முகம் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்.

"அது வெறும் சாயத் தண்ணிப்பா" என்று கத்தினேன்.

"தெரியும்மா. ரெண்டாவது தபா ஊத்தும்போதே தெரிஞ்சிபோச்சி."

"அப்புறம் ஏன் யூரியா போடல?"

"ஊரே பாக்குது. உன் படம் போட்ட மருந்தை நானே நம்பலன்னா, உன் படிப்பை எவன் மதிப்பான்?"

அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய், பட்டப்பகலில் யூரியா மூட்டையோடு தெரு வழியாகவே திரும்பினேன். டீக்கடையில் ஒருவர், "கடல் மருந்து என்னாச்சும்மா?" என்று இளித்தார். வண்டியை நிறுத்தினேன். "ஏமாத்து வேலை. எங்க மாமா என் படத்தைப் போட்டுச் சாயத் தண்ணி விக்கிறாரு. யாரும் வாங்காதீங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

அப்பா மூட்டையைத் தொடவில்லை. நானே பிரித்துக் கூடையில் கொட்டி, சுடிதாரை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். வரப்பில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் வீசியது ஒரே இடத்தில் கொத்துக் கொத்தாக விழுந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, என் கையிலிருந்த கூடையை வாங்கினார்.

"பெரிய படிப்பு படிச்சிருக்கா" என்றார், வரப்பில் நின்றவர்களைப் பார்த்து. "ஒரு கை உரம் வீசத் தெரியல."