சோறு அடிப்பிடித்த கல்யாணம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. கல்யாண வீடுகளில் சோறு சமைத்தே ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். றபான் என்ற தோல் மேளம் அடிக்க ஆசை இருந்தும் அப்போதெல்லாம் பெருநாளில் மட்டும்தான் அதைத் தொடுவேன்.

நாற்பத்தாறு வயதில் குறிஞ்சாக்கேணியில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போனேன். றபான் அடிப்பவள் வரவில்லை. மணப்பெண்ணின் தங்கை றபானை அடுப்படிக்குக் கொண்டுவந்தாள்.

"ராத்தா, தோல் தொய்ஞ்சு போச்சு. கொஞ்சம் சூடு காட்டுங்க."

தணலில் காட்டிவிட்டு, தோல் இறுகியதா என்று பார்க்க இரண்டு தட்டுத் தட்டினேன். என்ன நாதம்! கை நிற்கவில்லை. பெண்கள் குரவையிட்டபடி ஓடி வந்து என்னை முற்றத்துக்கு இழுத்தார்கள்.

"மாப்பிள வந்திட்டார், நிப்பாட்டாதீங்க ராத்தா!"

தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் சோற்றுப் பானை நினைவுக்கு வந்தது. மேல்சோறு தப்பியது, அடி கரி. இனி என்னை யார் சமைக்கக் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன்.

மணப்பெண்ணின் தாய் பானைக்குள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சோறாக்க இனி உன்னைக் கூப்பிட மாட்டன். எண்ட சின்ன மகள்ற கல்யாணத்துக்கு றபான் அடிக்க வா!"

அன்றிலிருந்து அதுவே என் தொழில். ஆசையைத் தொழிலாக்கினால் அலுத்துப்போகும் என்றார்கள். எனக்கு ஒரு நாளும் அலுக்கவில்லை.

பேத்தி, எழுதினதை ஒருக்கா வாசி, கேட்பம். பெருமை கூடிப்போனாலும் வெட்டாத.